பொதுவேலைக்கு ஆள் எங்கிருந்து வரும்? துறைமுகமும் தன்னியக்கமும் கிராண்ட்பாஸும்

களனி கங்கை பெருகும் நாட்களில் கொழும்பு முதலில் கேட்கும் கேள்வி, நாகலகம் வீதியில் தண்ணீர் எத்தனை அடி என்பதுதான். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அளவுகோல் கிராண்ட்பாஸின் ஆற்றங்கரை ஓரத்தில் நிற்கிறது. மேலே ஹங்வெல்லையில் மீற்றரில் சொல்லப்படும் கணக்கு, இங்கே வந்ததும் அடிக்கணக்காகிவிடும். ஒரு காலத்தில் ஆள் போய்ப் பார்த்து வந்து சொன்ன அந்த எண், இப்போது கைபேசித் திரையிலேயே தெரிகிறது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எண் வந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. பள்ளமான ஒழுங்கையில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் மூதாட்டியை மாடிவீட்டுக்குத் தூக்க வேண்டும். பள்ளிவாசல் மண்டபத்தின் சாவி யாரிடம், தேவாலய மண்டபத்தில் எத்தனை பேர் படுக்கலாம், இரவுக்கு எத்தனை சோற்றுப் பார்சல் வேண்டும் என்று ஒருவர் கணக்குப் பார்க்க வேண்டும். 2016 மே வெள்ளத்திலும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்திலும் ஆற்றின் இருகரையிலும் இந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காதவர்கள். அளவுகோல் நுட்பமானதால் இந்தப் பட்டியல் குறையவில்லை. எச்சரிக்கை முன்கூட்டியே வருவதால் செய்யக்கூடிய வேலைகள் கூடியிருக்கின்றன என்றுகூடச் சொல்லலாம்.

இயந்திரம் மனித உழைப்பை எடுத்துக்கொண்டால் மனிதருக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்விக்கு இன்று இரண்டு விடைகள் சுற்றிவருகின்றன. தொழில் போகும், வறுமை வரும் என்பது ஒன்று. நேரம் மிஞ்சும், மிஞ்சிய நேரத்தில் மனிதர் கலைக்கும் கல்விக்கும் பொதுத்தொண்டுக்கும் திரும்புவார்கள் என்பது மற்றது. இந்த இரண்டாவது விடைக்கு மரியாதைக்குரிய பூர்வீகம் உண்டு. நூறு ஆண்டுகளில் வாரத்துக்கு பதினைந்து மணிநேர வேலையே போதுமென்று ஜோன் மேனார்ட் கெய்ன்ஸ் 1930இல் எழுதினார். அந்தக் கெடு முடிய இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் தலைவர்கள் அதே வாக்குறுதியைப் புதிய உறையில் இட்டுத் தருகிறார்கள். அந்த வாக்குறுதியை கிராண்ட்பாஸ் போன்ற உழைப்பாளர் பகுதியில் வைத்துச் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெறும் ஓய்வு நேரத்திலிருந்து பொதுவேலை முளைப்பதில்லை. ஒழுங்கான நேரமும் நிச்சயமான வருமானமும் உள்ள மனிதரே அதைத் தாங்குகிறார்கள். தன்னியக்கம் இங்கே வந்த விதம் நேரத்தை மிச்சப்படுத்தியதோ இல்லையோ, அந்த ஒழுங்கைக் குலைத்திருக்கிறது.

பொதுவேலை என்று நாம் சொல்வதில் இரண்டு வகை கலந்திருக்கிறது. ஓடி வருவது ஒன்று; பொறுப்பேற்பது மற்றொன்று. வெள்ளம், தீ, விபத்து என்றால் ஓடி வருவோருக்கு இந்த ஊரில் என்றும் பஞ்சமில்லை. பொறுப்பேற்பது வேறு விஷயம், அதன் சிறந்த உதாரணம் மரண உதவிச் சங்கம். கொழும்பு வடக்கின் தோட்டங்களில் (நகரத்துச் சேரிக் குடியிருப்புகளை இங்கே தோட்டம் என்றே சொல்வார்கள்) ஒரு வீட்டில் சாவு விழுந்தால், உறவினர் அழுது முடிப்பதற்குள் கூடாரமும் பிளாஸ்டிக் கதிரைகளும் வந்துவிடும். ஒழுங்கையில் வெள்ளைக்கொடி கட்டப்படும். ஒருவர் தேநீருக்குச் சீனியும் பால்மாவும் வாங்கப் போவார். இன்னொருவர் வீட்டில் நடந்த சாவு என்று கிராம உத்தியோகத்தரிடம் அறிக்கை எடுத்துப் பதிவாளரிடம் போவார். மாதம்பிட்டி மயானத்தில் நேரம் குறித்துவர வேறொருவர். முஸ்லிம்களின் ஜனாஸா சங்கங்களுக்கு அவகாசம் இன்னும் குறைவு; பெரும்பாலும் அன்றைக்கே அடக்கம் முடிய வேண்டும். இவற்றையெல்லாம் ஓட்டுவது ஒரு கொப்பி. மாதச் சந்தா யார் கட்டினார், யார் நிலுவை, நிலுவை வைத்தவரின் தாய் இறந்தால் பணம் கொடுப்பதா இல்லையா என்பதெல்லாம் அந்தக் கொப்பிக்குள். கடைசிக் கேள்விக்கு யாப்பில் ஒரு விடை இருக்கும். செத்த வீட்டு வாசலில் நின்று சொல்லும்போது விடை வேறாகவும் இருக்கலாம். இதைச் சொல்லக்கூடிய பொருளாளர் ஒருவர் மூன்று நான்கு ஆண்டுகள் அந்தப் பதவியில் தாக்குப்பிடிக்க வேண்டும். அவர் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டில் இருப்பார் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தன்னியக்கத்தைப் பற்றிய இந்த விசாரணையில் நான் பின்தொடர்வது அந்தப் பொருளாளரைத்தான்.

அவர் எங்கே வேலை செய்தார் என்று கேட்டால், கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கத்தில் பழைய பதில் துறைமுகம். அந்தத் துறைமுகத்தின் பழங்காலம் பொற்காலமில்லை என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். கப்பல்கள் நடுத்துறையில் நிற்க, சரக்கைப் படகுகளில் இறக்கிக் கரைசேர்த்த பிரித்தானியர் காலத்தில், சுமைதூக்கிய தமிழ், மலையாளத் தொழிலாளர் பெரும்பாலும் நாட்கூலிகள். கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் பட்டினி. முதுகு போனால் எல்லாம் போயிற்று. புறக்கோட்டையில் இன்றும் வண்டி இழுக்கும் நாட்டாமிகளைப் பார்ப்பவர்கள், அந்த உழைப்பு மறைவதற்காகக் கண்ணீர் விடமாட்டார்கள். நிலையான வேலையைக் கொடுத்தது பழைய தொழில்நுட்பம் இல்லை, அரசியல். ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கம் 1920களில் நடத்திய வேலைநிறுத்தங்களில் துறைமுகத் தொழிலாளர் முன்னணியில் நின்றார்கள். கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கு ஓடிய ட்ராம் வண்டிகளின் தொழிலாளரும் 1929இல் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1958இல் சரக்குக் கையாளுகை தேசியமயமாகிக் கூட்டுத்தாபனத்தின் கீழ் வந்தது. 1979இல் துறைமுக அதிகார சபை உருவானது. நாட்கூலி மாதச் சம்பளமானதும், வேலை முறை அட்டவணையானதும், ஓய்வுகால நிதி வந்ததும் இந்த வழியில்தான். கூட்டம் நடத்தவும் கணக்கு வைக்கவும் தீர்மானம் எழுதவும் பலர் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடமும் தொழிற்சங்கக் கிளைதான். கிளைச் செயலாளராக இருந்தவருக்குக் கோயில் சபையிலோ மரண உதவிச் சங்கத்திலோ பொறுப்பெடுக்கப் புதிதாக ஒன்றும் பழக வேண்டியதில்லை.

பிறகு வந்தது கொள்கலன். மல்கம் மக்லீன் 1956இல் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து அனுப்பிய முதல் கப்பலில் 58 பெட்டிகள். அவிழ்த்த சரக்கை ஏற்ற ஒரு தொன்னுக்கு ஏறத்தாழ 5.86 டொலர் செலவான காலத்தில், பெட்டியில் ஏற்றியபோது செலவு 16 சதத்துக்கு இறங்கிவிட்டது. கொழும்பில் 1980களில் ஜயா கொள்கலன் முனையம் வந்தது, 1999க்குப் பிறகு தனியார் முனையங்கள் சேர்ந்தன, 2025 ஏப்ரலில் அதானி குழுமமும் ஜோன் கீல்ஸும் அதிகார சபையும் பங்காளிகளான மேற்கு முனையம் வேலை தொடங்கியது. ஆழ்கடல் முனையங்களில் கொழும்பின் முதலாவது முழுத் தன்னியக்க முனையம் என்று அதைச் சொல்கிறார்கள். பாரந்தூக்கியை இயக்குபவர் பாரந்தூக்கியில் இருக்க வேண்டியதில்லை. திரைக்கு முன்னால் இருந்தால் போதும். 2024இல் கொழும்புத் துறைமுகம் கையாண்டது 75 இலட்சத்துக்கும் மேற்பட்ட இருபதடி அலகுகள். இந்த எண்ணைப் பார்த்து மகிழும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் மிகப்பெரும் பகுதி கப்பல் மாறிச் செல்லும் சரக்கு. ஒரு கப்பலிலிருந்து இறங்கி முற்றத்தில் காத்திருந்து இன்னொரு கப்பலில் ஏறிப்போகும் அந்தப் பெட்டியை நகரத்தில் எவரும் திறப்பதில்லை, தூக்குவதில்லை, களஞ்சியப்படுத்துவதில்லை. துறைமுகம் வளர்ந்த அளவுக்கு அதன் மதிலுக்கு வெளியே உள்ள ஊருக்கும் அதற்குமான தொடர்பு தேய்ந்தது. இங்குறுகடைச் சந்திப் பக்கத்திலிருந்து துறைமுகத்துக்கு உயர்மட்ட நெடுஞ்சாலை திட்டமிடப்பட்டதும் பெட்டிகளை ஊரின் தலைக்கு மேலால் கொண்டுபோகத்தான்.

மிச்சமான மணித்தியாலங்கள் எங்கே போயின? ஒரு பகுதி கப்பல் கம்பனிகளின் இலாபமானது. ஒரு பகுதி உலகெங்கும் பொருள் விலை குறைந்ததில் கரைந்தது. ஒரு பகுதி அரசுக்கு வருமானமாயிற்று. அவை வீணாகவில்லை, ஆனால் கிராண்ட்பாஸ் மனிதரின் கையில் நேரமாகத் திரும்பி வரவும் இல்லை. புதிய வேலைகள் வரும் என்ற பொருளியலாளர் வாதம் பொய்யென்று சொல்லமாட்டேன். வந்தன. ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றங்கள், லொறி ஓட்டுதல், பாதுகாவல், பொதியிடல், கடைச் சிப்பந்தி வேலை, மத்திய கிழக்கு வீட்டுப்பணி, முச்சக்கரவண்டி. எண்ணிக்கையில் ஈடு கட்டியிருக்கலாம். நேரத்தின் தன்மையில் ஈடு கட்டவில்லை. 2015க்குப் பிறகு பிக்மீ, ஊபர் செயலிகளில் வண்டியைப் பதிந்தவருக்கு முதலாளி இல்லை என்பது பெரிய சுதந்திரம். வாடகை எப்போது வரும் என்பதைத் தீர்மானிப்பது அவரில்லை என்பது அதன் மறுபக்கம். மழை பெய்யும் ஞாயிறு பின்னேரம்தான் கட்டணம் ஏறும். சங்கக் கூட்டமும் அதே நேரம்தான்.

வேலையே இல்லாத மனிதருக்கு நேரம் தாராளமாக இருக்குமே, அவர் பொறுப்பெடுக்கலாமே என்று கேட்கலாம். இதற்கு உலகில் மிகச் சிறந்த சாட்சி வியன்னாவுக்கு அருகிலுள்ள மரியென்தால் என்ற ஆலைக் கிராமம். 1930ஆம் ஆண்டு வாக்கில் அங்கே நெசவாலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்தது. மரீ யஹோதா, பவுல் லசார்ஸ்ஃபெல்ட், ஹன்ஸ் ட்சைசல் ஆகிய ஆய்வாளர்கள் அங்கே போய் நடத்திய ஆய்வு 1933இல் நூலாக வந்தது. நேரம் மலைபோல் குவிந்திருந்தும் தொழிலாளர் நூலகத்தில் இரவல் வாங்கிய புத்தகங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. கழகங்கள் சோர்ந்தன. வேலை இருந்த காலத்தில் ஊரார் பேணிய பூங்காவில், எல்லோருக்கும் ஓய்விருந்த காலத்தில் களை மண்டியது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகத்தைக்கூட அவர்கள் அளந்தார்கள். நடை தளர்ந்திருந்தது, அடிக்கடி நின்றார்கள். பெண்கள் நிற்கவில்லை, அவர்களுக்கு வேலை குறையவே இல்லை. நூறாண்டுக்கு முந்திய ஐரோப்பியக் கிராமத்தைக் கொழும்போடு ஒப்பிடலாமா என்ற தயக்கம் நியாயமானது. இங்கே கூட்டுக்குடும்பமும் வழிபாட்டிடமும் தரும் தாங்கல் அங்கே இருந்திருக்காது. ஆனால் ஆய்வு காட்டும் அடிப்படை இங்கும் பொருந்துகிறது. நாளுக்கு ஒரு சட்டகம் இல்லாதபோது நேரம் கையில் நிற்பதில்லை. அதோடு, வேலையற்றவரிடம் சங்கப் பணத்தை ஒப்படைக்க ஊரும் தயங்கும். இது அநியாயம்தான், இருந்தும் நடப்பு அதுவே.

இதற்கு எதிராகப் பொருளாதார நெருக்கடி ஆண்டான 2022ஐக் காட்டுவார்கள். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது, தொழில்கள் நின்றன, அப்படியிருந்தும் நகரின் தேவாலய மண்டபங்களிலும் பள்ளிவாசல்களிலும் வீட்டு முற்றங்களிலும் பொதுச் சமையல் நடந்தது. வறியவரே வறியவருக்கு உலை வைத்தார்கள். உண்மை. உலகக் கொடைச் சுட்டெண்ணில் இலங்கை பல ஆண்டுகள் முதல் பத்து நாடுகளுக்குள் வந்ததும் இந்தச் சுபாவத்தால்தான். வெசாக்கில் தன்சலும் ரமழானில் பள்ளிவாசல் கஞ்சியும் ஆடிவேலில் அன்னதானமும் ஒரே தெருவில் பார்க்கக் கிடைக்கும் ஊர் இது. 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்த சில மணி நேரத்தில் இரத்தம் கொடுக்க வரிசை நின்றது. ஆனால் இவை எல்லாம் ஓடி வரும் வகை. அதன் பெருமையை நான் குறைக்கவில்லை. அந்த ஓட்டம் எங்கே போய்ச் சேரும் என்பதை முன்பே நிற்கும் அமைப்பு தீர்மானிக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். இரத்தம் கொடுக்க ஓடியவர்களின் வேகத்துக்குப் பின்னால், 2014இலேயே நாட்டின் குருதித் தேவை முழுவதையும் ஊதியமற்ற கொடையாளரிடமிருந்தே பெறும் நிலைக்கு வந்திருந்த ஒரு தேசியச் சேவை இருந்தது. ஆண்டு முழுக்கப் பன்சலையிலும் கோயிலிலும் பாடசாலையிலும் முகாம் வைத்த அலுப்பான ஒழுங்கு இருந்தது. பொதுச் சமையல் நீடித்த இடங்களும் அரிசிக் கணக்கை யாரோ ஒருவர் எழுதிய இடங்களாகவே இருக்க முடியும்.

அந்த உலையை வைத்தவர்கள் யார் என்பதைத் தாண்டிப் போக முடியாது. பெரும்பாலும் பெண்கள். பொதுவேலை பற்றிய பேச்சில் மேடையில் தெரிவது தலைவரும் செயலாளரும். தேங்காய் துருவியவர் தெரிவதில்லை. 2013இல் ஜெனீவாவில் கூடிய தொழில் புள்ளிவிபரவியலாளர்களின் பத்தொன்பதாவது சர்வதேச மாநாடு, ஊதியத்துக்குச் செய்வது மட்டுமே வேலை என்ற பழைய வரையறையை மாற்றி, வீட்டுக்காகச் செய்வதையும் தொண்டாகச் செய்வதையும் வேலை என்று ஏற்றது. இலங்கையின் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் முதலாவது தேசிய நேரப் பயன்பாட்டு மதிப்பீட்டை நடத்தியது; சம்பளமற்ற வீட்டுவேலையின் பாரம் பெண்களின் பக்கமே சாய்ந்திருப்பதை அது இலக்கத்தில் காட்டியது. வீட்டுக்குள் தன்னியக்கம் வராமலா இருந்தது? அரைக்கும் இயந்திரம், சோறாக்கும் மின்பானை, உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் எல்லாம் வந்தன. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் அமெரிக்க வீடுகளை ஆராய்ந்து 1983இல் காட்டியதுபோல, கருவி வந்ததும் எதிர்பார்ப்பு உயர்ந்து மிச்சமான நேரத்தை விழுங்கிவிடுகிறது. கொழும்பில் அதை விழுங்கியது டியூசன். அம்மி அரைத்த நேரம், பிள்ளையை வகுப்புக்குக் கூட்டிப்போய் வாசலில் காத்திருக்கும் நேரமாகிவிட்டது.

இன்னொரு நகர்வும் உண்டு, இதைப்பற்றிப் பேசுவோர் குறைவு. இயந்திரம் ஒரு அலுவலகத்தின் வேலையைக் குறைக்கும்போது, அந்த வேலையின் ஒரு துண்டு சம்பளமில்லாத யாரோ ஒருவரின் மடியில் போய் விழுகிறது. 2023இல் சமுர்த்தி நிவாரணத்துக்குப் பதிலாக வந்த அஸ்வெசும திட்டம், கிராமத்து உத்தியோகத்தரின் விருப்பு வெறுப்பை ஒதுக்கி, 22 குறிகாட்டிகளுக்குப் புள்ளியிட்டுப் பயனாளிகளைத் தெரிவு செய்தது. நோக்கம் நல்லது, பழைய முறையின் அரசியல் பாரபட்சம் ஊரறிந்தது. பட்டியல் வெளிவந்ததும் நாடெங்கும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. மேன்முறையீடு என்றால் படிவம். படிவம் என்றால் அதை வாசித்து நிரப்பத் தெரிந்த ஒருவர். எழுதப்படிக்கச் சிரமப்படும் கூலித்தொழிலாளியிடம் வந்து நிற்கும் அந்தப் பாரத்தை ஒரு ஆசிரியரோ, உயர்தரம் படிக்கும் பிள்ளையோ வாங்கிக்கொள்ள வேண்டும். கணினி மிச்சப்படுத்திய மணித்தியாலம் திணைக்களத்தின் கணக்கில் வரவு. அந்தப் பிள்ளை செலவழித்தது எந்தக் கணக்கிலும் இல்லை. எல்லா இயந்திரமும் இப்படியில்லை என்பதற்கும் உடனே ஒரு சான்று கொடுக்க வேண்டும். 2022 யூலையில் வந்த எரிபொருள் கியூஆர் முறை, நாட்கணக்கில் வரிசையில் கிடந்த மனிதரை வீட்டுக்கு அனுப்பியது. மொழிபெயர்ப்புச் செயலிகளும் அப்படியே. சிங்களத்தில் மட்டும் வரும் கடிதத்தை வாசிக்கத் தெரிந்தவர் வீட்டுக்கு ஓடிய தமிழ்க் குடும்பங்களுக்கு, கைபேசி ஒரு விடுதலை. சட்டப்படி இரு மொழியில் வரவேண்டிய கடிதம் ஒரு மொழியில் வருவதை அது மூடிமறைக்கவும் உதவுகிறது என்பதைத்தான் விழுங்க முடியவில்லை.

கிராண்ட்பாஸ் வீதியிலேயே நிற்கும் இன்னொரு வரலாறு இந்த விடயத்துக்கு வேறு வெளிச்சம் தருகிறது. பெ. பெரி. சுப்பிரமணியம் செட்டியார் 1930 ஆகஸ்ட் 6இல் தொடங்கிய வீரகேசரி நாளிதழின் பணிமனை நீண்ட காலம் 185ஆம் இலக்கத்தில் இருந்தது. தமிழ் அச்சுக்கூடம் என்றால் ஈயத்தில் வார்த்த எழுத்துகள் நிறைந்த பெட்டிகளும், உயிர்மெய் ஒவ்வொன்றும் எந்தக் குழியில் என்று விரல்நுனியில் வைத்திருக்கும் அச்சுக்கோப்பாளரும். எழுத்தைத் தலைகீழாகவும் வலமிடமாகவும் வாசிக்கப் பழகிய அந்தக் கண்ணின் திறமை, கணினிப் பக்கவாக்கம் வந்த சில ஆண்டுகளில் தேவையற்றுப்போனது. அச்சில் வந்ததைக் காத்தவர்கள் யார்? 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்தில், ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாக வருடி ஏற்றிய தன்னார்வலர்கள். இ. மயூரநாதன் 2003இல் அடித்தளமிட்ட தமிழ் விக்கிப்பீடியாவும் சம்பளமில்லாத எழுத்தில் வளர்ந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு சில நாட்களுக்குள் இலங்கைக் கணினியாளர் தொண்டாக எழுதிய ‘சஹானா’ என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருள், அடுத்த ஆண்டுகளில் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் பிலிப்பைன்ஸிலும் ஹெயிட்டியிலும் பயன்பட்டது. இன்றைய செயற்கை நுண்ணறிவு தமிழில் நாலு வரி ஒழுங்காக எழுதுகிறதென்றால், அது படித்த தமிழில் ஒரு பங்கு இப்படி இலவசமாக இணையத்தில் ஏற்றப்பட்டது. தொண்டு தன்னியக்கத்துக்குப் பிறகு வரப்போகும் ஒன்று என்று கெய்ன்ஸ் வழிவந்தவர்கள் நினைக்கிறார்கள். வரிசை நேர்மாறானது, தொண்டு முன்பே கொடுத்துவிட்டது. இந்தப் பொதுவேலையை ஆண்டுக்கணக்கில் செய்தவர்களிலும், பகலில் ஒரு நிலையான தொழில் பார்த்துவிட்டு இரவில் இதற்கு உட்கார்ந்தவர்களே அதிகமாக இருந்திருப்பார்கள் என்று நினைக்க இடமுண்டு.

இடதுசாரி நண்பர்களின் ஆட்சேபம் வேறு திசையிலிருந்து வரும். தொண்டைப் புகழ்வது அரசு கைகழுவ உதவும். சம்பளம் கொடுத்துச் செய்விக்க வேண்டியதைச் சிரமதானம் என்ற பெயரில் ஏழையின் தலையில் கட்டும். இதில் பாதி உண்மை. ஏ. டி. ஆரியரத்ன 1958இல் கனத்தோலுவைக் கிராமத்தில் முதல் சிரமதான முகாமை வைத்தபோது, நகரத்துப் பாடசாலை மாணவர் ஒதுக்கப்பட்ட மக்களோடு தோள்சேர்ந்து உழைத்தது ஒரு சமூகப் புரட்சியின் தொடக்கமாயிருந்தது. நிவாரணம் வாங்குபவரைப் பட்டியல் போட்டு வடிகான் துப்புரவாக்க அழைத்தபோது அதே சொல் கட்டாய வேலையாகிவிட்டது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தது, அயலவர் தொண்டு செய்யாததால் நடந்ததல்ல. நகர நிர்வாகம் தன் வேலையைச் செய்யாததால் நடந்தது. அந்த எல்லைக்கோட்டைப் போட்டுக்கொண்டே பேசுகிறேன். அதேபோல், கூலியில்லாமல் கூடுவதெல்லாம் நன்மை என்றும் எண்ணக்கூடாது. 2013 ஆகஸ்ட் 10 அன்று கிராண்ட்பாஸில் பள்ளிவாசலைத் தாக்க வந்த கும்பலும் கூலிக்கு வந்த கூட்டமாகத் தெரியவில்லை. ஓடி வரும் கூட்டத்துக்கும் பொறுப்பேற்கும் சபைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் மிகக் கூர்மையாகத் தெரிகிறது: சபைக்குக் கொப்பி உண்டு, பெயர் உண்டு, அடுத்த மாதம் பதில் சொல்ல வேண்டிய கூட்டம் உண்டு.

இடமும் இதில் சேரும். தோட்டங்களிலிருந்து ஏறக்குறைய 68,000 குடும்பங்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றும் திட்டத்தில் கொழும்பு வடக்கு பெரிதும் மாறியிருக்கிறது. வெள்ளமும் கழிவறை வரிசையும் இல்லாத வீடு யாருக்கும் வேண்டும். ஆனால் சாவுக்குக் கூடாரம் அடிக்கத் தரைமட்டத்தில் ஒரு முற்றம் வேண்டும். பிரேதப்பெட்டி நிமிர்த்தாமல் போகக்கூடிய மின்தூக்கி வேண்டும். அது பழுதாகாமல் இருக்க வேண்டும். பழைய தோட்டத்தில் ஒரே ஒழுங்கையில் இருந்த சங்க உறுப்பினர் நால்வர், நாலு மாடிகளில் சீட்டுக் குலுக்கலில் சிதறியபோது, கொப்பி மிஞ்சியது; சந்தா கேட்க வாசல்வாசலாகப் போன பாதை மிஞ்சவில்லை.

ஆக, கேட்கவேண்டியது இயந்திரம் வேண்டுமா வேண்டாமா என்பதில்லை. அது மிச்சம்பிடித்த மணித்தியாலத்தை யார் வைத்துக்கொள்வது என்பதே. இந்தக் கேள்வியை நம் தொழிற்சங்கங்களும் ஏறக்குறைய மறந்துவிட்டன. கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954இல் வந்தபோது நாளுக்கு எட்டு, வாரத்துக்கு நாற்பத்தைந்து மணித்தியாலம் என்று எல்லை வகுத்தது. அப்போது துறைமுகத்தில் மூட்டை முதுகில் ஏறிக்கொண்டிருந்தது, கிராண்ட்பாஸுக்கு ட்ராம் ஓடிக்கொண்டிருந்தது. ட்ராம் 1960இல் நின்றது, மூட்டை பெட்டியானது, பெட்டியைத் திரைக்கு முன்னால் இருந்து நகர்த்துகிறார்கள். நாற்பத்தைந்து மட்டும் நாற்பத்தைந்தாகவே இருக்கிறது. சம்பள உயர்வுக்கும் மேலதிக நேரக் கொடுப்பனவுக்கும் கோரிக்கை எழுதும் சங்கங்கள், குறுகிய வாரத்தையோ, முறை அட்டவணையை ஒரு மாதம் முன்கூட்டிக் கேட்கும் உரிமையையோ எழுதுவது அரிது. செயலியில் ஓடும் வண்டிக்காரருக்குக் கேட்க ஒரு மேசைகூட இல்லை. இந்த நாட்டில் பெருந்தொகையான ஊழியருக்கு வாரத்தில் ஒரு நாளைக் கூடுதலாக விட்டுக்கொடுக்க அரசு முன்வந்தது அண்மைக்காலத்தில் ஒரே ஒரு தடவைதான்: 2022 யூனில், அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறைக்கு அமைச்சரவை அனுமதி கொடுத்தது. அதற்குக் காரணம் உற்பத்தித்திறன் உயர்ந்தது இல்லை. பெற்றோல் இல்லை, சோற்றுக்குத் தட்டுப்பாடு வருமென்ற பயம். வறுமையில் கொடுக்க முடிந்த அந்த நாளை, முழுத் தன்னியக்க முனையம் வருமானம் ஈட்டும் காலத்தில் கொடுக்க முடியாது என்று சொல்பவர்கள் அதற்கான கணக்கை மேசையில் வைக்கட்டும்.